புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் மற்றவர்களைப் போல வாக்கிங், யோகா என்று போகவில்லை. துப்பாக்கி சுடப் போனார். அதுவும் அசல் இல்லை, நகல். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ரிவால்வரைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்தது. அதன் உருளையில் இருக்கும் ஒவ்வொரு குழியிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்பக்கம் சின்னத் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினால்தான் வெடிக்கும். அதற்குள் எதிரி மெதுநடையில் தாம்பரம் ஸ்டேஷன் போய் மின்சார ரயிலே ஏறிவிடலாம். இதற்கு லைசென்ஸ் வாங்க அவர் அலைந்த அலைச்சலில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்னொரு வீடு கட்டியிருக்கலாம்.

ஊரப்பாக்கம் தாண்டி உள்ளே ஒரு கிளப். பழங்காலத் துப்பாக்கிகளுக்கென்று வருஷத்துக்கு ஒரு போட்டி நடத்துவார்கள். நகல் துப்பாக்கி அதில் சேருமா என்பதற்கு வெளிநாட்டு விதிப் புத்தகம் ஒன்று உண்டு. அசலின் அதே உருவம், குறிபார்க்க அதே முள், அதே இரும்பு, அதே பூச்சு இருந்தால் சேரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் சேராது, அந்தக் காலத்தில் அது கிடையாதாம். சாப்பிடும்போதும் இதையேதான் சொல்வார். "போலியிலயும் யோக்கியமான போலி வேணும்கிறாங்க, அப்படித்தானே?" என்பேன். சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

கிண்டல் செய்தாலும் விஷயம் எனக்குத் தெரியும். அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. இது அதிகமாகத்தான் ஆகும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபி டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிற மனுஷர், துப்பாக்கியை எடுத்தால் மட்டும் ஏதோ ஒரு மாயத்தில் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றார். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் அந்தக் கை நிற்காது. ஆபீஸில் முப்பது வருஷம் ஒரு கைதட்டலும் வாங்காதவர், ஒரே ஒரு தடவை வரிசையில் நின்று சுட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

கருமருந்து சுட்டால் துப்பாக்கிக்குள் கரி அப்பிக்கொள்ளும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கழற்றி, சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்படித்தான் பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைக்குப் போனார். நான் பின்பக்கம் உட்கார்ந்து குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டிலிருந்து அந்த முட்டை நாற்றம் வந்துகொண்டே இருந்தது. சாமி முன்னால் வைக்கப்போகிற சாமான், இப்படியா கன்னங்கரேலென்று இருப்பது? அதையும் எடுத்துப் புளி வைத்து, கொஞ்சம் உப்பும் சேர்த்து அழுத்தித் தேய்த்தேன். பித்தளைப் பாகம் தங்கமாக மின்னியது. குழலில் இருந்த கருநீலப் பூச்செல்லாம் போய் வெள்ளைவெளேரென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

இரும்பின் மேல் இருக்கும் அந்தக் கருநீலம் ஒரு ஆக்ஸைடு. அமிலம் பட்டால் கரைந்துபோகும். புளியில் இருப்பது அமிலம். இதை நான் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆனால் கையில் புளி வந்துவிட்டால் நான் கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லை, பாத்திரம் தேய்க்கிறவள்.

கடையிலிருந்து வந்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பளிச்சுனு ஆயிடுச்சு" என்றார். சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்தோம். அப்புறம் ஒரு வாரம், பூச்சுப் போன இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க கிளப் ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது, சும்மா போங்க" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போட்டி. எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். கேட்டில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டியே, "இன்னா சார், புதுசா வாங்கினு வந்துட்டியா? சோக்கா கீது" என்றான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் அங்கே கூடியிருந்த கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். கௌபாய் தொப்பி போட்ட ரியல் எஸ்டேட்காரர் ஒருவர். கோயம்பேட்டுக்குக் காய் வாங்கப் போகிற பையில் துப்பாக்கி கொண்டுவந்த டாக்டர் ஒருவர். ஐயோ பாவம், ஒருத்தருக்கும் தொப்பை அடங்கவில்லை, இதில் வீர விளையாட்டு வேறு.

துப்பாக்கிகளைச் சரிபார்க்கிறவர் அதைக் கையில் வாங்கியதும், "இது ஸ்டெயின்லெஸ் ஆச்சே சார்" என்றார்.

நான் விடுவேனா? முன்னால் போய் நின்றேன். "நான் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சர். இது சாதா ஸ்டீல். மேல இருந்த ஆக்ஸைடு போயிருக்கு, அவ்வளவுதான். ஆசிட் பட்டா போயிடும்னு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். விதி பேசறவங்க கொஞ்சம் சயின்ஸும் படிக்கணும்" என்றேன். தொப்பிக்காரரும் டாக்டரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பாடம் எடுத்து எத்தனை நாளாயிற்று, சுகமாக இருந்தது.

சரிபார்க்கிறவர் தன்மையான மனுஷர். "சரி மேடம், ஒத்துக்கறேன்" என்றுவிட்டு இவரைப் பார்த்துக் கேட்டார். "பூச்சு எப்படி சார் போச்சு? தெரியாம ஏதாவது பட்டுப் போயிருந்தா ஒரு குறிப்பு எழுதிட்டு உங்களைச் சுட விட்டுடலாம். நீங்களே வேணும்னு உரிச்சிருந்தா இந்தப் பிரிவுல சேராது."

வழி திறந்தே இருந்தது. என் வீட்டுக்காரி தெரியாமல் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் என்று சொன்னால் போதும். நானே சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் டீச்சரம்மா இன்னும் என்ன சொல்லப்போகிறாள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார். பளபளன்னு இருக்கட்டுமேன்னு நானே உரிச்சேன்" என்றார்.

"வீட்லயே கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார் தொப்பிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சரிபார்க்கிறவர் பட்டியலில் இவர் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். இவர் ரிவால்வரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அது பாதியில் நிற்க, நடுங்குகிற கையால் மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற நான், அதற்குக்கூடக் கை கொடுக்கவில்லை.