மேரி வைத்த கீரைச்சோறு

இன்னாசிமேரிக்கு முழங்கால் வலி ஒரு பக்கம், எலி நாற்றம் ஒரு பக்கம். சூரமங்கலத்திலிருந்து பஸ் மாறி வந்து, ராசிபுரம் தாண்டியிருக்கும் பார்மசி காலேஜில் எலிக்கூண்டு கழுவி, உமி மாற்றி, தீனி போட்டு, மறுபடி அதே பஸ். இதெல்லாம் ஒரு பொழைப்பா என்று தினமும் அலுத்துக்கொள்வாள். விட்டுவிட்டு எங்கே போவது?

அங்கே ஆராய்ச்சி செய்யும் சௌந்தர்யா, எலி மூளையில் ஊசியால் சின்னக் காயம் உண்டாக்கி, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிற நொதி அதனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவந்தாள். பாதி எலிகளுக்குத்தான் காயம்; மீதிக்கு மண்டையைத் திறந்து மூடியதோடு சரி. மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே தண்ணீர். இதை மேரியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சொல்லி என்ன? காயம்பட்டவை கட்டித் தீனியைக் கடிக்கத் தெம்பில்லாமல் மூலையில் ஒண்டிக் கிடந்தன. மேரி தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டால் மாதாவுக்கே அடுக்காது! தன் சோற்றில் கீரையைப் பிசைந்து அந்தக் கூண்டுகளில் மட்டும் வைத்தாள். எலிகள் தேறின. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிறகு எலிகளைக் கொன்று மூளையைச் சோதித்தார்கள். சௌந்தர்யா ஓடிவந்தாள்.

"மேரியக்கா! காயம்பட்டதுல நொதி நல்லா ஏறியிருக்குதுங்க! இனி தீசிஸ் எழுதிரலாமுங்க!"

"என் சோத்தைத் தின்னு தேறினதுங்களாச்சே சாமி, ஏறாம என்ன?" பூரிப்பில் மேரி உளறிவிட்டாள்.

"என்ன சோறுங்க்கா?"

"கீரைச்சோறுதான். பாவம், கடிக்க முடியலைன்னு அந்தக் கூண்டுக்கு மட்டும்..."

சௌந்தர்யா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கீரையில நைட்ரேட் இருக்குதுங்க்கா. உள்ள போனா அதுவும் நைட்ரிக் ஆக்சைடாயிரும், நொதியும் மாறலாம். ஏறுனது காயத்தாலயா, கீரையாலயான்னு இனி யாருக்குங்க தெரியும்?"

"அப்ப அதுங்க செத்தது?"

"வீணுங்க. வேற எலி எடுத்து முதல்லேருந்து செய்யணும்."

கோபமில்லை அந்தக் குரலில், அலுப்புதான் இருந்தது. மேரி சுவரைப் பிடித்து எழுந்துபோய் இளம் எலிகளின் கூண்டைத் திறந்தாள். தீனி வருகிறதென்று அவை அவள் கையை மோந்துகொண்டு முண்டியடித்து வந்தன.

"ஊசி போடுறது நீ. ஆனா இதுங்களுக்கு எமன் நான்தானே சாமி?" என்று கேட்டபடி, ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.