சுவர் இல்லாத சாலை

அஞ்செட்டி போகும் மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவு. வண்டியைச் சாய்த்து, விழாமல் நிமிர்த்திவிட்டேன்! கை நடுங்குகிறது, வாயோ சிரிப்பை நிறுத்தவில்லை. ஓரமாக நிறுத்துகிறேன். புளியமரத்தடியில் கடலை விற்கும் அக்காவிடம் ஓசூரிலிருந்து வருவதாகச் சொல்கிறேன்; அவள் என்னையே பார்க்கிறாள்.

“ஓசூர்ல இருந்து ஒண்டியாவா வந்தே? வண்டி ஓட்டறது புதுசா?”

“ஆறு வருசமா தினமும் ஓட்டறேங்க்கா.”

“அப்புறம் எதுக்கு இப்பிடி நடுங்கறே?”

தொழிற்சாலையில் புது பைக்குகளை டெஸ்ட் செய்வது என் வேலை என்று சொல்கிறேன். தரையில் சுழலும் ரோலர்கள்மேல் வண்டியை ஏற்றி, எண்பது வரை விரட்டுவேன். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எதிரே எப்போதும் அதே மஞ்சள் சுவர். சொந்த வண்டி வாங்கியது போன வாரம்தான்.

அக்கா கடலைப் பொட்டலத்தை நீட்டிச் சிரிக்கிறாள். “இங்க செவுரு இல்ல கண்ணு. போயிக்கிட்டே இரு!”

முதல் கியர் போடுகிறேன். அக்கா, கடலைத் தட்டு, புளியமரம் எல்லாமே பின்னால் போகின்றன.