இரண்டு முறை கப்பலேறிய முத்தையா

பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களில் பிறருடைய தாத்தாக்களைத் தேடித் தருவது என் வேலை. இந்தத் தொழிலில் எந்தக் கதையும் நேரடியாக வராது. இதுவும் ஒரு மகன் சொல்லி, ஒரு மகள் மறுத்து, என்னிடம் வந்து சேர்ந்ததுதான். குடும்ப விருந்தில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, பெரியப்பா மைக்கைப் பிடித்து "நம்ம குடும்பம் இந்த ஊருக்கு வந்த கதை" என்று ஆரம்பித்ததைக் கேட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எல்லாரும் கேபின்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நானும் முதலாளி ரஹீம் அண்ணனும் மட்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; ஒரு வரி தப்பாக எழுதிவிட்டால் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயம். அதனால் எதையும் மூன்று முறை பார்ப்பேன்.

முதல் மாதம் வந்த வாடிக்கையாளர்கள் எல்லாருமே தங்கள் தாத்தா கேபினில் வந்ததாகச் சொன்னார்கள். நான் கண்டுபிடித்த தாத்தாக்கள் எல்லாரும் டெக்கில், அதாவது திறந்த மேல்தளத்தில், மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்கள். இதை எப்படிச் சொல்வது என்று ரஹீம் அண்ணனிடம் கேட்டேன். "எல்லாரும் கேபின்ல வந்திருந்தா டெக் காலியாத்தான் வந்திருக்கும் லா. மெதுவா சொல்லு. அழுதா, டிஷ்யூ மேசையில இருக்கு."

யார் முதலில்?

கணேசன் சார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பொங்கோலில் குடும்ப விருந்து வைக்கிறார். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர். குடும்பத்தில் முதன்முதலில் சிங்கப்பூர் வந்தவரின் படம் அதன் உச்சியில் இருக்க வேண்டும். "எங்க அப்பா முத்தையாதான் முதல்ல வந்தார். அப்புறம்தான் தம்பி சின்னையாவைக் கூப்பிட்டுக்கிட்டார். ஒரு பிரிண்ட் அவுட் கொடும்மா, போதும்," என்றார்.

அவர் படியிறங்கிய பத்தாவது நிமிடம் போன் வந்தது. சின்னையாவின் மகள், சரோஜா அக்கா. முதலில் வந்தது அவருடைய அப்பாதானாம். அவர் படத்தை முத்தையாவுக்குக் கீழே வைத்தால் அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட விருந்துக்கு வரமாட்டார்களாம். "எங்க அப்பாவை எப்பவும் வாலாவே வச்சிருக்காங்க. ரெக்கார்ட்ல அப்பா முதல்ல இருந்தா ஊருக்கே சொல்லு. இல்லன்னா எனக்கு மட்டும் சொல்லு, சரியாம்மா?"

நான்கு வருஷத்தில் எட்டு வயது

முத்தையா கிடைத்தார். இரண்டு முறை கிடைத்தார். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே ஊர். முதல் கப்பலில் வயது பத்தொன்பது. நான்கு வருஷம் கழித்து வந்த கப்பலில் இருபத்தேழு. சின்னையா எந்தப் பட்டியலிலும் இல்லை. "அப்பா ஊருக்குப் போய்ட்டுத் திரும்பி வந்திருப்பார். அந்தக் காலத்துல வயசெல்லாம் யாரும்மா சரியா சொன்னா?" என்றார் கணேசன் சார்.

நியாயம்தான். ஆனால் முதல் பதிவில், அங்க அடையாளம் என்ற கட்டத்தில், வலது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் புருவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இடது கன்னத்தில் மச்சம். காரணம் சொல்லாமல் சரோஜா அக்காவுக்குப் போன் போட்டு, அவருடைய அப்பா முகத்தில் தழும்பு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "வலது புருவத்துல. கவட்டையால அடிச்ச கல்லு. அடிச்சது யாருங்கிற? பெரியப்பா முத்தையாதான்!"

பேனர்

அண்ணன் பெயருக்கு வந்த அனுமதியில் தம்பி கப்பலேறியிருக்கிறார். இங்கே இறங்கியதும் தன் பெயருக்குத் திரும்பிவிட்டார். அப்போது அது ஒன்றும் அதிசயமில்லை என்றார் ரஹீம் அண்ணன். அண்ணன் ஏன் ஏறவில்லை என்று பட்டியல் சொல்லாது. ஆனால் எழுபது வயதுக்காரரிடம் "உங்கள் அப்பா இரண்டாவது" என்று நான் சொல்லியாக வேண்டும். மின்னஞ்சலை மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, அவரை நேரில் வரச் சொன்னேன்.

தழும்புக் கதையைச் சொன்னதும், கணேசன் சார் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். டிஷ்யூவை அவர் பக்கம் நகர்த்தினேன். "அப்பாவுக்குக் கடல்னா பயம். கடைசிவரைக்கும், இதோ எதிர்ல இருக்கிற செந்தோசா தீவுக்குப் போற ஃபெரியிலகூட ஏறினதே இல்லம்மா. எங்களை ஏத்திவிட்டுட்டுக் கரையிலயே நிப்பார்," என்றார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "தழும்பைக் கொடுத்ததும் எங்க அப்பா, பேரைக் கொடுத்ததும் எங்க அப்பா. ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல, ஒரே அளவு. யாரு கேட்டாலும் நடந்ததை அப்படியே சொல்லு. ஒரு இஞ்ச்கூட வித்தியாசம் இருக்காது."

விருந்துக்கு இரண்டு வீட்டாரும் வந்தார்கள். பிரியாணிக்கு அழைக்கப்பட்டுப் போன நான், யார் சொன்னாலும் நம்பாத இந்தத் தொழில் புத்தியால், யாரும் பார்க்காத நேரத்தில் கணேசன் சார் செய்வித்த பேனரை விரலால் மூன்று முறை அளந்தேன்: சின்னையாவின் படம் இரண்டு விரற்கடை பெரிது.