சூரசம்ஹாரப் படமும் இரண்டு பைட்டும்

மோடம் கிறீச்சிடும்போது, கீழே ஓடும் அச்சு இயந்திரத்தில் என் மேஜையும் சேர்ந்து அதிரும்... மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் மாடிப்படி வழியாக ஏறி வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுண் மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு சின்னப் பத்திரிகை அலுவலகம். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்ததும் எனக்கும் வகுப்புத் தோழன் சுப்புவுக்கும் கிடைத்த முதல் வேலை. இருவரும் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். திருச்செந்தூரில் நிருபர் அடிக்கும் செய்தி டெலிபோன் லைனில் மாட்டிய மோடம் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

செய்தி வந்தது. படம்தான் வரவில்லை.

முந்தைய வருஷம் சூரசம்ஹாரத்தன்று, பிலிம் ரோலோடு பஸ் ஏறப் போன போட்டோகிராபர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் மற்ற பத்திரிகைகளில் எல்லாம் புதுப் படம், எங்களிடம் மட்டும் பழைய படம். முதலாளி அண்ணாச்சி அதை மறக்கவே இல்லை.

“இந்த வருசம் படம் அன்னைக்கே வரணும் வே” என்றார் சுப்புவிடம். “வரலன்னா இந்தப் பெட்டியள கட்டி வச்சிருங்க. எனக்கு பஸ்ஸே போதும்.”

பெட்டியைக் கட்டினால் எங்கள் வேலையும் அதோடு போகும்.

முதல் சோதனைக்குக் கோபுரப் படம் ஒன்றை அனுப்பினோம். உச்சி மட்டும் வந்தது. கீழே ஒரே புள்ளிக் கோலம்...

காரணம் சீக்கிரமே புரிந்தது. அனுப்புவதைப் பாக்கெட் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பாக்கெட்டின் கடைசியிலும் ஒரு அடையாள எழுத்து வைத்திருந்தோம். அது வந்தால் பாக்கெட் முடிந்தது என்று கணக்கு. செய்திக்கு அது சரி. ஆனால் படம் வெறும் எண்களாகத்தான் போகும், அந்த பைட்டுகளில் எது வேண்டுமானாலும் வருமே! நடுவில் அதே எழுத்து வந்ததும் புரோகிராம் பாக்கெட்டை அங்கேயே அறுத்துவிட்டது.

“முடிவைத் தேடவே வேண்டாம் எஸ்தரு” என்றான் சுப்பு. “பின்னால எத்தனை பைட்டு வருதுன்னு முன்னாலயே சொல்லிருவோம்.”

அப்படியே மாற்றினோம். முதல் இரண்டு பைட்டில் நீளம், அடுத்து பாக்கெட்டின் வரிசை எண், அதன் பின்னால் படம். அலுவலகத்திலேயே இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயரில் இணைத்துப் பார்த்தோம். கோபுரம் முழுசாக நின்றது. சுப்பு ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தான்.

டெலிபோன் லைனில் போட்டதும் கோபுரம் மறுபடி சரிந்தது.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சுப்பு மோடத்தைச் சந்தேகப்பட்டான், நான் லைனைச் சந்தேகப்பட்டேன். கடைசியில், லைனிலிருந்து வாசிக்கும் ரீட் என்ற கட்டளை ஒவ்வொரு தடவையும் எத்தனை பைட் தருகிறது என்று திரையில் எழுத வைத்தேன்.

கேட்டது ஐந்நூறு. வந்தது நாற்பது!

லைன் மெதுவானது. வந்து சேர்ந்தவரைக்கும்தான் ரீட் கையில் கொடுக்கும். நானோ பாக்கெட் முழுசாக வந்துவிட்டது என்று நம்பி, மிச்சமிருந்த படத்தின் பைட்டுகளை அடுத்த பாக்கெட்டின் நீளமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று தப்பினால் அப்புறம் எல்லாமே தப்புதான்.

“லே சுப்பு, கிடைச்சிட்டு!” என்று நான் போட்ட சத்தத்தில் புரூப் பார்ப்பவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கேட்டது முழுசாக வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு லூப் எழுதினேன். நீளத்தின் இரண்டு பைட்டுகள்கூட தனித்தனியாக வரலாம், அதற்கும் அதே லூப். அனுப்பும் பக்கத்துக்கு அதேபோல ஒன்றைச் சுப்பு எழுதினான். லைன் நடுவில் செத்தால், முழுசாக வந்த கடைசி பாக்கெட்டுக்கு அடுத்ததிலிருந்து தொடர வேண்டும் என்றும் வைத்தோம்.

சூரசம்ஹாரத்தன்று சுப்பு திருச்செந்தூரில், கம்ப்யூட்டரும் ஸ்கேனருமாக ஒரு போட்டோ ஸ்டுடியோவில். பொழுது சாய்ந்ததும் போன் வந்தது.

“பிரிண்ட் காயுததுக்குள்ள ஸ்கேன் பண்ணிட்டேன். இந்தா அனுப்புதேன்!”

மோடம் கத்தியது. திரையில் வரிவரியாக வானம் இறங்கியது. அப்புறம் வேல்... அப்புறம் சூரனின் தலை. என் நாற்காலிக்குப் பின்னால் அண்ணாச்சி, அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர்கள், டீ கொண்டு வந்தவர், எல்லோரும்.

பாதியில் லைன் அறுந்தது.

“போச்சா?” என்றார் அண்ணாச்சி.

“பைய இருங்க அண்ணாச்சி. வந்தது அப்படியே இருக்கு. மிச்சம் வரும்.”

சுப்பு மறுபடி டயல் செய்தான். ஒரு வரிகூடச் சரியாமல், விட்ட இடத்திலிருந்து கடல் இறங்கியது, கரை இறங்கியது, மணலே தெரியாத ஜனக்கூட்டம் இறங்கியது. கடைசி பாக்கெட்டும் முழுசு!

யாரோ கைதட்டினார்கள். அண்ணாச்சி படியிறங்கி ஓடிக்கொண்டே கத்தினார்: “முதப் பக்கத்தைத் தொறங்கலே! படம் வந்துட்டு!”

மறுநாள் காலை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பத்திரிகை எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் கையில் இருந்த கடைசிப் பிரதியை நான்தான் கெஞ்சி வாங்கினேன். படத்தின் கீழே சுப்பு பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை. எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் பேப்பரை விரித்துக் காட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

இப்போது பெங்களூரில் சோபாவில் உட்கார்ந்து, சூரன் விழுவதை அந்த நொடியிலேயே போனில் பார்க்கிறேன். நீளத்தை எண்ணுவதை எல்லாம் யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. பார்த்து முடித்ததும் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறேன்...

அன்று ஒரே ஒரு படத்துக்காக ஒரு அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது நான் எழுதிய லூப் வழியாகத்தான் வந்தது.