சண்முகத்தாய் ஏன் திமிறவில்லை

இன்று எங்கள் பட்டாசுக் கம்பெனியில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி. ஆபீஸில் கணக்குப் பார்க்கும் என்னையும் உட்கார வைத்தார்கள்.

பின்னாலிருந்து ஒருவன் பிடித்தால் எப்படித் திமிற வேண்டும், எங்கே முழங்கையால் இடிக்க வேண்டும் என்று விருதுநகரிலிருந்து வந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தார். செய்து காட்ட ஓர் ஆண் வேண்டும் என்றார்.

போர்மேன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வெடிக்கு மருந்து செலுத்தும் சண்முகத்தாய் மட்டும் எழுந்து போனாள். அவர் பிடித்ததும் கல் மாதிரி நின்றாள்.

"திமிறும்மா" என்றார் டீச்சர்.

"வரமாட்டேங்குது டீச்சர். ரூம்ல மருந்து அள்ளிக்கிட்டு இருக்கைலதான் இவுக பிடிப்பாக. அங்கன கையக் கால ஒதறுனா மருந்து உரசிப் பத்திக்கிடும். உள்ள இருக்க அம்புட்டுப் பேரும் கரிக்கட்டைதான். அசையாம நின்னே பழகிருச்சு."

போர்மேன் கையை எடுத்துக்கொண்டார். "சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுது" என்றார்.

டீச்சர், அடுத்து யார் வருகிறீர்கள் என்று கேட்டார். யாரும் எழவில்லை.

நாளைக்கும் சண்முகத்தாய்க்கு மருந்து ரூம்தான். யாருக்கு எந்த ரூம் என்று சொல்வது போர்மேன்.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெடிக்காமல் திமிறத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.