பஸ் நிற்கும்வரை எழும்பாத பிள்ளை

போன சனிக்கிழமை கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முறைக்கும். இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை, தோளில் இரண்டு பை. பதினொரு மணி வெயில். பஸ்ஸுக்குள்ளே என் தங்கையின் மூத்த மகள்.

ஒரு கிழமை ஆகியும் களைப்புத் தீரவில்லை. ஓடிய களைப்பாக இருந்தால் ஒரு நாளில் போயிருக்குமே...

தங்கை ரீட்டா இருபத்திரண்டு வருஷமாக நோர்வேயில். சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று ஐடென்டிட்டி கார்ட் காட்டிய காலத்தில் போனவள். இந்த விடுமுறைக்குத்தான் பிள்ளைகள் இரண்டு பேரையும் முதல்முறையாகக் கூட்டி வந்திருக்கிறாள். மரியாவுக்கு எட்டு, ஏமிக்கு நாலு. வெள்ளவத்தையில் என் ஃப்ளாட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு இது ஊர். அந்தப் பிள்ளைகளுக்கோ இது வெளிநாடு. அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருஷம் மரியாவுக்குக் கோயிலில் முதல் நன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. அதற்கான வெள்ளைச் சட்டையைக் கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா தைக்கிறார். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து, முதல்நாள் சாப்பிட்ட கொத்துரொட்டி ரீட்டாவின் வயிற்றைக் கலக்கிவிட்டது.

“நான் கூட்டிக்கொண்டு போறன். நீ படு” என்றேன்.

“காரிலை போங்கோ அக்கா. பஸ் வேண்டாம்.”

“ஏன்? பஸ்ஸிலை போற நாங்கள் எல்லாரும் செத்தோ போயிட்டம்?”

“அப்பிடிச் சொல்லேல்லை. ரெண்டு பேற்றை கையையும் விட்டிடாதேங்கோ. மரியான்ரை பையிலை ஒரு கார்ட் இருக்கு. என்ரை நம்பர், உங்கடை நம்பர், அட்ரஸ் எல்லாம் எழுதியிருக்கு. பை அவவிட்டையே இருக்கட்டும்.”

நான் சிரித்தேன். முப்பது வருஷம் கொழும்புக் கோட்டையில் வேலைக்குப் போய் வந்தவள் நான். கைக்குழந்தையாக இருந்த என் மகனைத் தூக்கிக்கொண்டு மிதிபலகையில் நின்றே போயிருக்கிறேன். எனக்கா பஸ் சொல்லித் தருகிறாள்?

ரோட்டில் இறங்கி நின்று போனில் கார் புக் பண்ணினேன். நாலு நிமிஷம் என்றது. பிறகு ஒன்பது நிமிஷம் என்றது. பிறகு அந்தக் கார் வேறு திசையில் போவது மெப்பில் தெரிந்தது. அந்த நேரம் மட்டக்குளி பஸ் வந்தது. கொட்டாஞ்சேனைக்கு ஊடாகத்தான் போகும். ஏறிவிட்டோம்.

கூட்டம். பை பாரமாக இருக்குமே என்று மரியாவின் பையை வாங்கி என் தோளில் போட்டேன். அன்பில்தான் செய்தேன். இந்த மாதிரிப் பிழைகளை எல்லாம் நாங்கள் அன்பில்தான் செய்கிறோம், இல்லையா?

கொண்டக்டர் “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க” என்று தள்ளினான். “எங்கை போறது, உன்ரை தலையிலையோ?” என்று கேட்டேன். முறைத்தான். பஸ்ஸின் நடுப்பகுதியில் ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து, ஜன்னல் சீட்டை மரியாவுக்குக் கொடுத்தார். நான் ஏமியைத் தூக்கிக்கொண்டு முன்கதவுப் பக்கம் நின்றேன். எங்களுக்கிடையே ஏழெட்டுப் பேர். மரியா ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னேரம் ரீட்டாவிடம் “பார், ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்லும் வசனத்தை நான் மனதுக்குள் தயார்பண்ணிக்கொண்டே வந்தேன்.

கொட்டாஞ்சேனை வந்தது. “மரியா, வா இறங்குவம்!” என்று கத்தினேன். தலையாட்டினாள். கொண்டக்டர் “பஹின்ன, பஹின்ன” என்று அவசரப்படுத்தினான். இறங்கு என்றால் எங்கள் பஸ்ஸில் என்ன அர்த்தம்? பஸ் வேகம் குறையும். நிற்காது. அந்த இடைவெளியில் குதிக்க வேண்டும். ஏமியோடு குதித்தேன். திரும்பிக் கையை நீட்டினேன்.

கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

போகலாம் என்று கொண்டக்டரின் மணி இரண்டு தரம் அடித்தது. பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் மரியாவைக் கண்டேன். சீட்டில் இருந்தபடியே, வகுப்பில் டீச்சரிடம் அனுமதி கேட்பதுபோல வலது கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். பஸ் நிற்பதற்காகக் காத்திருந்தாள் பிள்ளை!

ஓடினேன். கத்தினேன். பஸ் வளைவில் மறைந்தது. என் தோளில் அவளுடைய பை. பைக்குள் அந்தக் கார்ட்.

பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. “ஏறுங்க மிஸ், புடிச்சிரலாம்” என்றார் ட்ரைவர். தொப்பி போட்ட, என் வயது மதிக்கத்தக்க மனுஷன். “எந்த பஸ்? என்ன கலர்?”

கலர்? முப்பது வருஷமாக ஏறி இறங்குகிறேன்... ஏறிய பஸ்ஸை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“நீலம்” என்றாள் ஏமி. “பின்னுக்குப் பெரிய குருவி. கோவமான குருவி.”

“கழுகுப் படம் கீறின நீல பஸ்ஸா? தெரியும், தெரியும்” என்றார் அவர். ஆட்டோ பறந்தது. பறந்தது என்றா சொன்னேன்? இரண்டு லொறிக்கும் ஒரு மீன்வண்டிக்கும் இடையில் நுழைந்து நுழைந்து ஊர்ந்தது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இறங்கியிருந்தால்? யாராவது கையைப் பிடித்து இறக்கியிருந்தால்? அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் ஓடும் தமிழ். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

அப்போது போன் அடித்தது. ரீட்டா.

எடுக்காமல் விட முடியுமா? எடுத்தேன்.

“போய்ச் சேர்ந்தாச்சோ அக்கா?”

“ஓம்... கிட்டத்தட்ட.”

“மரியாட்டைக் குடுங்கோ.”

“டிரஃபிக் சத்தம், ஒண்டும் கேக்குதில்லை” என்று சொல்லிக் கட் பண்ணினேன். ட்ரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேகத்தை மட்டும் கூட்டினார்.

பஸ் பயணம் முடியும் மட்டக்குளியில் பஸ்கள் வரிசையாக நின்றன. கடைசியில் அந்த நீல பஸ். முதுகில் கழுகு. வெளியிலிருந்து பார்க்க உள்ளே ஆட்கள் தெரியவில்லை. அதே கொண்டக்டர் மிதிபலகையில் குந்திக்கொண்டிருந்தான்.

மரியா அதே சீட்டில் இருந்தாள். பக்கத்தில் பிரிக்காத ஒரு பிஸ்கட் பக்கெட்.

நான் ஏறியதும்தான் எழும்பினாள். “பெரியம்மா, பஸ் நிக்கேல்லை. நிண்டாப் பிறகுதான் எழும்ப வேணும்” என்றாள், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல.

“பயந்திட்டியோ?”

“கொஞ்சம். நீங்களோ?”

“கொஞ்சம்” என்றேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதேன். ஏமி அந்த பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

கொண்டக்டர் சிங்களம் கலந்து, தனக்குத் தெரிந்த தமிழில் என்னைப் பிடித்தான் பாருங்கள். “நோனா, பபா பேர் கேட்டேன், சொல்லல்ல. பிஸ்கட் குடுத்தேன், எடுக்கல்ல. இறங்க சொன்னேன், இறங்கல்ல. பபா சரி. நீங்கதான் பிழை.” அவனுடைய முறை வந்தபோது பஸ்ஸை எடுக்காமல், பின்னால் வந்த பஸ்ஸை முன்னே அனுப்பியிருக்கிறார்கள். யாராவது தேடி வருவார்கள் என்று அவனும் காத்திருந்திருக்கிறான்.

எனக்கும் ரோஷம் வந்தது. “நீ பஸ்ஸை நிப்பாட்டியிருந்தா இது நடக்குமா?”

“நிப்பாட்டினா பின்னால வர்றவன் முந்திருவான் நோனா.” பிஸ்கட் தின்னும் ஏமியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “எங்க பிள்ளை எண்டா ஓடுற பஸ்ல இருந்து பாஞ்சிருக்கும்.”

உண்மைதானே. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் குதிக்கப் பழக்கியிருக்கிறோம். குதித்துத் தப்பியதைக் கெட்டித்தனம் என்று மெச்சியும் இருக்கிறோம். என் மகனையும் அப்படித்தான் வளர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு அது சரி என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்!

“பெரிய பிள்ளைய முன்னுக்கு இறக்குங்க. நீங்க கடைசி” என்றான் அவன். ஆட்டோ ட்ரைவர் ஹோர்ன் அடித்து எங்களைக் கூப்பிட்டார். அவனுக்கு நன்றி சொன்னேன். தலையை ஒருபக்கம் சாய்த்து அதை வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

அதே ஆட்டோவில் திரும்பி வந்து சட்டையைப் போட்டுப் பார்த்தோம். இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்றார் தையல் அம்மா. நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

வெள்ளவத்தைக்கும் அந்த ஆட்டோவில்தான். வழியில் எனக்கு ஒரு அசிங்கமான யோசனை வந்தது. மரியாவின் காதுக்குள் குனிந்தேன்.

“மரியா, இதை அம்மாட்டைச் சொல்ல வேண்டாம். அம்மா பாவம், வயித்து வருத்தம்.”

அவள் என்னைக் கவனமாகப் பார்த்தாள். “அம்மாட்டைச் சொல்லாதே எண்டு சொல்லுற ஆக்களோடை போகக் கூடாது எண்டு அம்மா சொன்னவ.”

முன்னால் ட்ரைவரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்.

வேறு வழி? நானே சொன்னேன். பிள்ளைகள் குளிக்கப் போன நேரம், ரீட்டாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கார் வராததில் தொடங்கி ‘கிட்டத்தட்ட’ வரை எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் திட்டவில்லை. தலையணையைத் தள்ளி எனக்கும் படுக்க இடம் விட்டாள்.

“அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி... அங்கை ட்ராமிலை ஏமியை இருத்தின வண்டிலை முதல்லை உள்ளுக்கை தள்ளினனான். மரியான்ரை கையைப் பிடிக்கத் திரும்பினன். கதவு பூட்டிட்டுது. ட்ராம் போயிட்டுது.”

“ஐயோ! பிறகு?”

“அடுத்த ஸ்டொப்பிலை ஒரு மனுசி வண்டிலோடை இறங்கி நிண்டவ. நான் ஓடிப் போய்ச் சேர்றதுக்குப் பத்து நிமிஷம். பிள்ளை நித்திரை. அதுக்கு ஒண்டும் தெரியாது.”

“எனக்கு ஏனடி சொல்லேல்லை?”

“பிள்ளையளின்ரை அப்பாவுக்கே இன்னும் சொல்லேல்லை” என்றாள்.

கதவு தானாகப் பூட்டும் நாட்டிலும், கதவே பூட்டாத நாட்டிலும் நடந்தது ஒன்றுதான். என் தங்கை எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று பத்து நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பயத்துக்குப் பின்னால் ஒரு பத்து நிமிஷம் இருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். குளியலறையில் பிள்ளைகள் தண்ணீரடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிள்ளை வளர்த்த எல்லாரிடமும், வீட்டில் சொல்லாத ஒரு பத்து நிமிஷம் இருக்கும் போலிருக்கிறது.