பேபி அக்காவிடம் விசாரித்தார்கள்

கோயில் அன்னதானத்தில் இராஜரட்ணம் சாம்பார் வாளியோடு வரும்போது பேபி தன் இலையின் மேல் இடக்கையை விரித்து மூடிக்கொள்வாள். எட்டு வருடமாக இது நடக்கிறது. அவர் ஒரு கணம் நின்றுவிட்டு அடுத்த இலைக்குப் போவார். வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழும்பும்போது பேபிக்கு வயிறு நிறைந்துதான் இருக்கும்.

இருவரும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டிடம். அவர் ஏழாம் மாடி, பேபி பதினோராம் மாடி. மகள் நிரூபாவுக்கு இருபத்திரண்டு வயதில், ஒரு ஜனவரிப் பனியில், முதல்முறை வலிப்பு வந்தபோது தன் வான் வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர் இந்த இராஜரட்ணம்தான். அந்த நன்றியில் பேபி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். என்ன வருத்தம், என்ன மருந்து, எவ்வளவு காலம் எடுக்கவேண்டும் என்பதுவரை. சில வருடம் கழித்து நிரூபாவுக்குக் கலியாணம் பொருந்தி, கார்ட்டும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கடைசியாக ஒருதரம் விசாரிப்போம் என்று அதே கட்டிடத்துக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்தார்கள். எடுத்தது இராஜரட்ணத்துக்கு. கலியாணம் நின்றுபோனது.

"கேட்டவை, சொன்னன். பொய் சொல்லேலாதுதானே, பேபி" என்றார் அவர் பிறகு. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்.

நிரூபா கல்கரிக்குப் போய்விட்டாள். கிழமைக்கொரு கோல், அதில் பாதி அங்கே எவ்வளவு குளிர் என்பது. அவளுக்கு இராஜரட்ணத்தின் மேல் பெரிதாகக் கோபமில்லை. "நீங்கள் ஏன் அம்மா அவருக்குச் சொன்னீங்கள்?" என்று ஒரேயொருதரம் கேட்டாள். அதற்குப் பேபியிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத அந்த இடம் முழுவதையும் அவள் இராஜரட்ணத்தைக் கொண்டு நிரப்பினாள்.

பேபி முதியவர்களை வீட்டில் போய்ப் பராமரிக்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, மனநோய்ப் பிரிவு வாசலில் கடதாசிச் செருப்போடு ஒரு பெடியன் நின்றான். இராஜரட்ணத்தின் மகன் மிதுனன். அவளைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது. "அன்ரி, ப்ளீஸ், அப்பாட்டச் சொல்லாதேங்கோ. ஒட்டாவாவில கோர்ஸ் எண்டு சொல்லியிருக்கிறன்." பேபி தலையாட்டினாள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, தங்கச்சங்கிலி கண்டெடுத்தவள் போல மடியைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

இந்தப் பங்குனிக் கடைசியில், மிதுனனுக்கு மல்வேர்னில் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று கட்டிடத்தில் கதை வந்தது. பெண் வீட்டார் விசாரிப்பார்கள். கட்டிடத்தில் பழைய ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் பேபியைத்தான் கைகாட்டுவார்கள். சொல்லவேண்டிய வசனத்தை அவள் அன்றைக்கே தயார்செய்தாள். "நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை, பெடியன் ரெண்டு வருசத்துக்கு முதல் எங்க இருந்தவன் எண்டு மட்டும் கேட்டுப் பாருங்கோ."

அதைப் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபடிதான் பாத்தர்ஸ்ட் தெருவுக்கு வேலைக்குப் போய்வந்தாள். அங்கே அவள் பார்ப்பது ஃபிறீடா என்ற எண்பத்தொரு வயது யூதப் பெண்மணியை. மருந்துக்கடை நடத்திய மனுசி. கை நடுக்கம், கண் மங்கல், வாய் மட்டும் குறையில்லை. தாயை முதியோர் இல்லத்தில் விட்டதைத் தனக்குச் சொல்லாமல் மறைத்த தம்பியோடு முப்பத்தொரு வருடமாகப் பேச்சில்லை. பேபிக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

பாஸ்காப் பண்டிகை தொடங்கிய இரண்டாம் இரவிலிருந்து யூதர்கள் நாற்பத்தொன்பது நாள் எண்ணுவார்கள். பொழுதுபட்டதும் ஆசி சொல்லி, இன்றைக்கு இத்தனையாம் நாள் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கபாலா என்ற மறைஞானம் படித்தவர்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு குணம். முதல் கிழமை கொடை, இரண்டாம் கிழமை தீர்ப்பு, இப்படி ஏழு. ஒவ்வொன்றுக்குள்ளும் மற்றதை வைத்து நாளுக்கொன்றாய்த் தன்னைத் தோண்டிப் பார்ப்பது. ஃபிறீடாவுக்குக் கண் தெரியாததால் அன்றன்றைக்குரிய பக்கத்தை வாசித்துக் காட்டுவது பேபியின் வேலையாயிற்று.

இரண்டாம் கிழமையில் ஒரு நாள் பொழுதுபட்டபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பேபி, இன்றைக்கு எத்தனையாவது என்று அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள். ஃபிறீடா யோசிக்காமல் ஒன்பது என்றாள். அவ்வளவுதான், கையைக் காலை உதறிக் கத்தத் தொடங்கினாள். ஆசிக்கு முன் எண் வாயில் வந்துவிட்டால் அன்றைய எண்ணிக்கை முடிந்ததாம். திரும்ப எண்ணலாம், ஆனால் ஆசி சொல்ல முடியாது. எந்த யூதப் பிள்ளையும் அந்த நேரத்தில் அப்படி நேரே கேட்காதாம், நேற்று எத்தனை என்றுதான் கேட்குமாம். சும்மா சொன்னதுதானே என்றாள் பேபி. வெளியே வந்த சொல் சொன்ன சொல்தான் என்றாள் ஃபிறீடா.

ஒன்பதாம் நாள், தீர்ப்புக்குள் தீர்ப்பு. பேபிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. நெருப்பு, இடக்கை, அளந்து கொடுக்கும் தண்டனை என்று அன்றைய பக்கத்தில் போட்டிருந்தது. எங்கோ ஒரு கடவுள் தன் பக்கம் நிற்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. அந்தக் கோல் எப்போது வரும் என்று அவளும் ஒவ்வொரு நாளாக எண்ணினாள்.

மூன்றாம் கிழமையில் ஃபிறீடா வேறொன்று சொன்னாள். ஆதியில் எங்கும் கடவுளே நிறைந்திருந்தாராம். உலகத்துக்கு இடமில்லை. அவர் தன்னைச் சுருக்கி ஒதுங்கினார். விட்ட வெளியில்தான் மண்ணும் மனுசரும். தீர்ப்பு என்ற அந்தக் குணத்தின் முதல் வேலை அதுதான். பிறரை வெட்டவில்லை, தன்னை வெட்டிக்கொண்டார்.

எங்கள் நாட்டில் நடந்ததை எல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தவர்தானே உங்கள் கடவுள் என்று பேபி கேட்டாள். எங்களுக்கு நடந்தபோதும் அப்படித்தான் நின்றார், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றாள் ஃபிறீடா.

அந்தக் கதை பேபிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுப் போகவில்லை. மா குழைக்கும்போதும் உடுப்புத் தோய்க்க லோண்ட்ரிக்கு இறங்கும்போதும் கூடவே வந்தது. நெஞ்சு முழுக்க இராஜரட்ணமே இருந்தால் நிரூபாவுக்கு எங்கே இடம் என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டாள். கேட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பழி சொல்வதில்லை, ஒதுங்கிவிடுவது. தெரியாது என்றுவிட்டுப் போனை வைப்பது. அதை நினைக்கத் தான் ஓரங்குலம் உயர்ந்ததுபோல இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றபோது கோல் வந்தது.

"பேபி அக்காவோ? நான் கமலாம்பிகை, மல்வேர்னில இருந்து. இராஜரட்ணம் அண்ணையின்ர மகனுக்கு எங்கட பிள்ளையைக் கேக்கினம். நீங்கள் நெடுக அங்க இருக்கிறனீங்களாம்..."

"எனக்கு அவையைப் பற்றித் தெரியாது" என்றாள் பேபி.

"ஓ" என்றாள் கமலாம்பிகை மெதுவாக. "விளங்குது அக்கா. பெரிய உதவி."

பேபிக்கும் அப்போதுதான் விளங்கியது. பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கும்போது இருபது வருடம் கூட இருந்த ஒருத்தி தெரியாது என்றால், அதைவிடக் கூடாத பதில் எங்கள் ஆட்களிடம் கிடையாது. அவள் ஒதுங்கவே இல்லை. கத்தி போய் இறங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால், அது இனித்தது. எட்டு வருடம் காத்திருந்த இனிப்பு. இரண்டு விநாடி அதை நாக்கில் வைத்திருந்தாள். எண்ணெய் புகைந்தது. அந்தக் கடதாசிச் செருப்புக்குள் குளிரில் மடங்கியிருந்த கால்விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. தகப்பன் வேறு, மிதுனன் வேறு. தன்னை நம்பி ஒன்று கேட்டவன். நம்பினவளின் வீட்டுக்கதையை வெளியே விட்டவர் யார் என்பது பேபிக்குத் தெரியும்.

"போனை வையாதேங்கோ, பிள்ளை" என்றாள். "பெடியன் நல்லவன். நான் பிள்ளை வளத்தவள், பொறுப்பாச் சொல்லுறன். அதுகள் ரெண்டையும் நாலைஞ்சு தரம் தனியக் கதைக்க விடுங்கோ, தங்கட தங்கட விசயத்தை ஆளுக்காள் சொல்லட்டும். தகப்பனைப் பற்றி மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ."

கமலாம்பிகை சிரித்துவிட்டாள். "தகப்பனை ஆர் அக்கா கட்டப்போறது?"

கத்தரிக்காய் கருகிப்போனது. பேபி அதைக் கொட்டிவிட்டு, குந்தியிருந்து, நெடுநேரம் அழுதாள். எவ்வித சமாதானமும் வரவில்லை. கைக்கு வந்ததை விட்டவளின் வயிற்றெரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை ஃபிறீடாவிடம் சொன்னாள். மன்னித்துவிட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றாள் பேபி. நல்லது, அவன் இன்னும் கேட்கவே இல்லையே என்றாள் ஃபிறீடா. அவர்கள் வழக்கத்தில் பிழை விட்டவன் பிழைபட்டவரிடமே நேரில் போய்க் கேட்கவேண்டும். மறுத்தால் மூன்றுதரம் போகவேண்டும். கடவுள்கூட அதற்குள் கைவைக்கமாட்டார்.

வைகாசி நடுவில் கலியாணம் சரிவந்துவிட்டது. மிதுனன் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். பிறகு அவள் பக்கத்தில் இருக்கத் தகப்பனிடமும் சொன்னானாம். ஒரு பின்னேரம் பேபி லிஃப்டில் ஏற, பின்னால் இராஜரட்ணம் ஏறினார். வேறு ஒருவரும் இல்லை. அவர் எண்களைப் பார்த்தபடி, "கமலாம்பிகை சொன்னவ. பெரிய உபகாரம் பேபி" என்றார்.

"உங்களுக்காகச் சொன்னதில்லை."

ஐந்து, ஆறு. ஏழில் கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று திரும்பினார். "அண்டைக்கு நான் செய்தது பிழைதான். மனசில வைச்சிருக்காதை."

"என்னட்டச் சொன்னது காணாது" என்றாள் பேபி. "பிழைபட்டவள் நிரூபா. அவளிட்ட நேர போய்க் கேக்கவேணும். அவள் மாட்டன் எண்டால் இன்னொருக்கா. அதுக்கும் மாட்டன் எண்டால் இன்னொருக்கா. அவள் மூண்டு தரமும் மாட்டன் எண்டு சொல்லவேணும் எண்டுதான் நான் கும்பிடுறன். அதையும் சொல்லிப்போட்டன், பொய் சொல்லேலாதுதானே."

கதவு மூடப் பார்த்தது. அவள் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மணி விடாமல் அடித்தது. கீழே யாரோ லிஃப்டுக்காகக் கதவில் தட்டினார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை.

"கல்கரிக்கு எத்தினை மணித்தியாலம் பிளேன்?" என்று கேட்டார் இராஜரட்ணம்.